ஆய் போனானா?

மற்ற தெருவில் ஆளைப் பார்த்தால் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். எங்கள் தெருவில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் கேட்டது, "புள்ள ஆய் போனானா?" பால் ஊற்றுகிறவர் கேட்டார். எதிர்வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாகக் கேட்டார். புதுப் பட்டுச்சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கவும் முந்தானையில் குஞ்சம் கட்டவும் என்னிடம் வருகிற பெண்கள், பையிலிருந்து சேலையை எடுப்பதற்கு முன்னால் கேட்டார்கள். நானும் கொஞ்சமும் கூச்சப்படாமல் பதில் சொன்னேன். என்ன நிறம், கெட்டியா தண்ணியா, எல்லாம் சொன்னேன். கல்யாணச் சேலை கொண்டுவந்த ஒரு பெண் மட்டும் மூக்கைச் சுளித்தாள். உனக்கும் ஒன்று பிறக்கும் இல்லையா, அப்போது வந்து நீயே என்னிடம் சொல்வாய் என்று சொல்லிவிட்டேன். நான் ரொம்ப இங்கிதம் தெரிந்தவள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

என் பையன் பிறந்தபோது அவனுக்கு ஆசனவாய் இல்லை. இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. கண், காது, மூக்கு, கைகால் விரல்கள், வார்டையே எழுப்புகிற தொண்டை, எல்லாம் சரியாக இருந்தன. பின்பக்கம் வழி இருக்க வேண்டிய இடத்தில் தோல் வழவழவென்று மூடிக் கிடந்தது.

அது தெரியவந்த நேரத்தில் எங்கள் சொந்தக்காரர்கள் இரண்டு பேர் வராந்தாவில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் குழந்தை பிறந்ததும் சேனை வைப்பார்கள். சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ தொட்டுக் குழந்தையின் நாக்கில் வைப்பது. யார் வைக்கிறார்களோ அவர்களுடைய குணம் குழந்தைக்கு வந்துவிடும் என்பது நம்பிக்கை. தாய்ப்பாலைத் தவிர எதுவும் கொடுக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரிச் சுவரில் பெரிதாக எழுதித்தான் வைத்திருந்தார்கள். அதைப் படித்துக்கொண்டே என் அண்ணன் சட்டைப்பையில் ஒரு சின்ன பாட்டில் சர்க்கரைத் தண்ணீரோடு உள்ளே வந்தான். என் கணவரின் அக்கா, அதாவது என் நாத்தனார், கைப்பையில் தேனோடு வந்தார்.

அண்ணன் பக்கத்துக் கிராமமான கூரத்தில் இருக்கிறான். விவசாயக் குடும்பம்தான், அவன் கட்சிக்குப் போய் ஊராட்சி வார்டு உறுப்பினர் ஆகிவிட்டான். வெள்ளை வேட்டி சட்டையைத் தவிர வேறு எதையும் உடுத்த மாட்டான். நாத்தனாருக்குப் பட்டுக்கடையில் சேலை எடுத்துக் காட்டுகிற வேலை. வாங்க வந்தவர்கள் மலைபோல் சேலைகளைக் கலைத்துப் போட்டுவிட்டுச் சும்மா எழுந்து போனாலும் அவர் முகத்தில் சிரிப்பு மாறாது. அந்தச் சிரிப்பு கடையோடு சரி. எனக்கு அம்மாவும் இல்லை, மாமியாரும் இல்லை. அந்த இரண்டு பேர் வேலையையும் இவர்கள் இருவரும் போட்டி போட்டுக்கொண்டு பார்த்தார்கள்.

தாய்மாமன் இருக்கும்போது வேறு யார் சேனை வைப்பது என்றான் அண்ணன். அத்தை இருக்கும்போது மாமன் எதற்கு என்றார் நாத்தனார். நீங்கள் வைத்தால் பிள்ளைக்கு அழுத்தம் பிடித்த குணம் வரும் என்றான் இவன். நீ வைத்தால் பிள்ளை பேச ஆரம்பிக்கும்போதே மைக் கேட்கும் என்றார் அவர். நான் கட்டிலில் படுத்தபடியே, அவனுக்கு ஏற்கெனவே என் குணம் வந்திருக்கும், அதுவே போதாதா என்று கத்தினேன். யார் காதிலும் விழவில்லை.

அந்தச் சமயத்தில்தான் குழந்தைக்கு உடம்புச் சூடு பார்க்க வந்த நர்ஸ் துணியை விலக்கினார். இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் குழந்தையைப் புரட்டி, செல்போன் வெளிச்சத்தில் பார்த்தார்கள். டாக்டர் வந்தார். குழந்தைக்கு வாய் வழியாக ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது, உடனே சென்னைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். அண்ணன் பாட்டிலை மடியில் செருகிக்கொண்டான். நாத்தனார் கைப்பையின் ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினார். நாக்கில் ஒரு சொட்டுப் பட்டிருந்தால் குடி முழுகியிருக்காது என்று பின்னால் சொன்னார்கள். ஆனால் என் அண்ணனுக்கு எதையும் ஒரு சொட்டோடு நிறுத்தத் தெரியாது. இன்றுவரை நான் மனசார வாழ்த்துகிற ஒரே குடும்பச் சண்டை அது.

சென்னையில் குழந்தைகளுக்கென்று இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, அவன் வயிற்றின் இடதுபக்கத்தில் குடலை வெளியே எடுத்து மலம் போக ஒரு வழி வைத்தார்கள். பழுத்த தக்காளியின் சின்னத் துண்டுபோல் சிவப்பாக இருந்தது. இது தற்காலிக வழி, பிள்ளை கொஞ்சம் எடை போட்டதும் பின்பக்கம் நிஜமான வழியைச் செய்துவிட்டு, அப்புறம் இதை மூடிவிடுவோம் என்றார் அறுவை சிகிச்சை செய்த டாக்டரம்மா. இப்படிப் பிறக்கிற குழந்தைகளுக்குச் சிறுநீரகம், இதயம், முதுகெலும்பு எல்லாவற்றையும் பார்க்க வேண்டுமாம். பார்த்ததில் மற்றதெல்லாம் ஒழுங்காக இருந்தது. என் கணவர் காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்கும் ஓரிக்கைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். நாளெல்லாம் சேர்த்தாலும் நாலு வாக்கியம் பேசாத மனுஷன். அவர் அன்றைக்குத் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டே, பையன் மற்ற பிள்ளைகளைப்போல் பள்ளிக்கூடம் போவானா என்று கேட்டார்.

டாக்டரம்மா அவரை உட்காரச் சொன்னார். "வழி நாங்க பண்ணிக் கொடுத்துடுவோம்பா. ஆனா வர்றது அவனுக்குத் தெரியணும். தெரிஞ்சா மட்டும் போதாது, போய் உக்கார்ற வரைக்கும் புடிச்சி வெக்கத் தெரியணும். அந்த நரம்பும் தசையும் எவ்ளோ வேலை செய்யும்னு இப்போ யாராலயும் சொல்ல முடியாது. அவன் வளந்து, அவனே சொன்னாத்தான் தெரியும்."

தெரியாமலே போனால் தினமும் எனிமா கொடுத்துக் குடலைக் காலி செய்து அனுப்பலாம், அப்படிப் படித்துப் பெரியவர்கள் ஆனவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். கேட்டுக்கொண்டேன். ஆனால் அந்த நாளிலிருந்து எனக்கு வேண்டுதல் என்று இருந்தது ஒன்றுதான். மற்றவர்கள் பிள்ளை கலெக்டர் ஆக வேண்டும், டாக்டர் ஆக வேண்டும் என்று வேண்டிக்கொள்வார்கள். நான் எங்கள் ஊரில் இருக்கிற இத்தனை சாமியிடமும், என் பிள்ளை தனக்கு ஆய் வருகிறது என்று தானே சொல்ல வேண்டும் என்று வேண்டினேன். ஏகாம்பரநாதர் என்ன நினைத்தாரோ.

வார்டில் பக்கத்துக் கட்டில்காரி திருமுக்கூடலில் இருந்து வந்தவள். அவள் பிள்ளைக்கு முன்பக்கம் தகராறு. சிறுநீர் வரும் குழாயில் சவ்வு ஒன்று குறுக்கே நின்று அடைத்துக்கொண்டிருந்தது. மூத்திரம் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது, பின்னால் தேங்கிச் சிறுநீரகம் வீங்கியிருந்தது. உன் பிள்ளைக்குப் பின்பக்கம் நல்லது, என் பிள்ளைக்கு முன்பக்கம் நல்லது, இரண்டையும் சேர்த்தால் ஒரு முழுப் பிள்ளை தேறும் என்று நான்தான் சொன்னேன். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. பிரசவமானதிலிருந்து அன்றைக்குத்தான் சிரிக்கிறேன் என்றாள். டாக்டர்கள் உள்ளே கருவி விட்டு அந்தச் சவ்வை எடுத்தார்கள். பிறகு ஒரு நாள் டியூபையும் உருவினார்கள். அன்றைக்குத் துணி மாற்றக் குனிந்தவள் முகத்திலேயே பையன் நேராகப் பீய்ச்சி அடித்தான். அவள் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. வார்டு முழுக்கப் போய் ஈர முகத்தைக் காட்டிவிட்டு வந்தாள். எனக்குப் பொறாமையாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் வயிற்று வழியைப் பராமரிப்பது என் வேலை. ஒட்டுகிற பை அவன் தோலில் நிற்கவில்லை; ஒட்டிய இடமெல்லாம் சிவந்து புண்ணானது. துவைத்த பழைய பருத்தித் துணியை மடித்து வைத்துக் கட்டினால் போதும், அடிக்கடி மாற்றுங்கள், சுற்றிலும் களிம்பு போடுங்கள் என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தார். நான் தைக்கிறவள்; என் கணவரின் வேட்டி ஒன்றைக் கிழித்து, நாடா வைத்து அழகாக இடுப்புத்துணி தைத்துவிட்டேன். அதைப் பார்த்த நாத்தனார் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. குலத்தின் முதல் ஆண்பிள்ளை, கிழிந்த வேட்டியா அவனுக்கு? காஞ்சிபுரத்தில் பிறந்துவிட்டு இது என்ன கர்மம்?

எங்கள் ஊரில் பட்டுக்குத் தீட்டு கிடையாது என்று ஒரு எண்ணம் உண்டு. பருத்தியைத்தான் துவைத்துச் சுத்தம் செய்ய வேண்டும், பட்டு எப்போதுமே சுத்தம். நாத்தனார் அதை வைத்து ஒரு கணக்குப் போட்டார். சுத்தமாக இருக்க வேண்டிய இடம், ஆகவே பட்டு. கடையில் கழித்துப்போட்ட துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தார். அரக்கு நிறம், ஓரத்தில் விரல் அகலத்துக்குச் சரிகை. நான் வேண்டாம் என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன். அன்றைக்குப் பார்த்து அண்ணன் வந்திருந்தான். எந்த விஷயத்திலும் நாத்தனாரோடு ஒத்துப்போகாதவன் இதில் மட்டும் ஒத்துப்போனான். பிள்ளைக்கு ராஜகளை வந்துவிட்டது என்று சொல்லி, தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

பட்டு எதையும் உறிஞ்சாது. மழைத்தண்ணீரையே வழுக்கி விடுகிற துணி அது. அவன் பால் குடித்து முடித்திருந்த நேரம் வேறு. வந்தது அத்தனையும் பட்டின் மேல் வழுக்கிக்கொண்டு, சரிகை ஓரமாக இறங்கி, கட்சிக் கூட்டத்துக்குப் புறப்பட்டு வந்திருந்த என் அண்ணனின் வெள்ளை வேட்டியில் சேர்ந்தது. நல்ல மஞ்சள். பட்டுத்துண்டு மட்டும் புதுசுபோல் பளபளவென்று இருந்தது. தீட்டில்லாத துணிதான், ஒப்புக்கொள்ள வேண்டும். அண்ணன் என் கணவரின் கைலியைக் கட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போனான். எளிமையான தலைவர் என்று அன்றைக்கு மேடையில் பாராட்டினார்களாம்.

பையனுக்குப் பல் முளைக்கிற பருவத்தில் பின்பக்க வழியைச் செய்தார்கள். அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றி விளையாட்டாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புதிய வழி சுருங்கி மூடிக்கொள்ளாமல் இருக்க, வழவழப்பான உலோகக் கம்பி ஒன்றைத் தினமும் காலையிலும் மாலையிலும் உள்ளே விட்டு எடுக்க வேண்டும். போகப் போகக் கொஞ்சம் பருமனான கம்பி. அதைச் செய்ய வேண்டியது பெற்றவர்கள்தான். என் கணவர் கம்பியைப் பார்த்தாலே ஆட்டோ துடைக்க வேண்டும் என்று வெளியே போய்விடுவார். அந்த ஆட்டோ அந்த நாட்களில் பளபளத்ததைப்போல் அதற்கு முன்னும் பின்னும் பளபளத்ததில்லை. நாத்தனார் வேலையிலிருந்து வந்து அவன் கால்களைப் பிடித்துக்கொள்வார். பிடித்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவார். நான் அழவில்லை. ஊசியில் நூல் கோக்கிற கை, நடுங்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன். முடிந்ததும் அவன் என்னிடம்தான் தாவிக்கொண்டு வருவான். நோகடித்தவளிடமே, ஆறுதலுக்கு.

பிறகு வயிற்று வழியை மூடினார்கள். கொஞ்ச நாளில் முறையான வழியில் முதன்முதலாக வந்தது. என் கணவர்தான் முதலில் பார்த்தார். வாயே திறக்காத மனுஷன், வார்டு வாசலில் நின்று, "போயிட்டான்பா, என் புள்ள போயிட்டான்பா" என்று கத்தினார். பக்கத்தில் இருந்த கிழவர் ஒருவர் பதறி எழுந்து, அவரைக் கட்டிக்கொண்டு, தைரியமாக இருப்பா என்று முதுகைத் தடவிக்கொடுத்தார். விஷயத்தை விளக்கி அந்தப் பெரியவரை உட்காரவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஆனால் வருவது வேறு, வருவது தெரிவது வேறு. அதற்குப் பிறகுதான் எங்கள் தெரு முழுக்கக் காத்திருக்க ஆரம்பித்தது. சில நாள் ஓயாமல் போவான், தோல் வெந்துவிடும். சில நாள் கட்டிக்கொள்ளும், மருந்து கொடுக்க வேண்டும். டாக்டரம்மா சொன்னபடி ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் அவனை ஒரு குட்டி நாற்காலியில் உட்காரவைத்தோம். இது சிங்காசனம் என்று என் கணவர் பெயர் வைத்தார். அவன் ராஜாபோல் உட்கார்ந்து வாழைப்பழம் கேட்பான், செல்போன் கேட்பான், கதை கேட்பான். எல்லாம் வாங்கிக்கொண்டு, ஒன்றும் தராமல் எழுந்து போவான். அப்புறம் விளையாடிக்கொண்டிருக்கும்போது பார்த்தால் நிக்கரில் இருக்கும். உனக்குத் தெரியலையாடா கண்ணு என்று கேட்டால், என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்கு எனக்கு அர்த்தம் புரியாது. தெரியவில்லையா, இல்லை விளையாட்டு மும்முரமா? பேச்செல்லாம் நன்றாக வந்துவிட்டது. காலையில் எழுந்ததும் தெருவில் போகிற பஸ்ஸுக்கெல்லாம் ரூட்டு சொல்லுவான். இந்த ஒரு வார்த்தை மட்டும் வாயில் வரவில்லை.

பள்ளியில் சேர்க்க வேண்டிய வயசு நெருங்கியது. அடுத்த முறை வரும்போது எனிமா பற்றிப் பேசிவிடலாம்மா, அதில் தப்பு ஒன்றும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். தப்பு இல்லைதான். எனக்குத்தான் ஆறவில்லை. அன்றைக்கு ஊர் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு நன்றாக அழுதேன். அவன் என் மடியில் உட்கார்ந்து கண்டக்டரோடு விசில் அடித்துக்கொண்டு வந்தான்.

அடுத்த முறை சென்னைக்குப் போவதற்கு முந்தியே அவனுக்கு மொட்டை போட்டுக் காது குத்தலாம் என்று அண்ணன் பிடிவாதம் பிடித்தான். இத்தனை ஆஸ்பத்திரி அலைச்சலில் தள்ளிக்கொண்டே போய்விட்டது. கூரத்து ஏரிக்கரையில் எங்கள் குலசாமி கோயில். சாமியானா, பாட்டு, பிரியாணி அண்டா, மாமன் சீர், எதிலும் குறை வைக்கவில்லை. நாத்தனார் அவனுக்கு அரக்கு நிறப் பட்டு வேட்டி கொண்டுவந்தார். உள்ளே நான் ஒரு நிக்கரும் மாட்டிவிட்டேன். சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு மாமன் மடியில் உட்கார்ந்தான். ஆசாரி காதைத் தடவிப் பார்த்துவிட்டு ஊசியை எடுத்தார். நல்ல நேரம் முடியப்போகிறது, சீக்கிரம் சீக்கிரம் என்று பூசாரி அவசரப்படுத்தினார். கூட்டமெல்லாம் கிட்டே நெருங்கியது.

பையன் ஆசாரியின் கையை ஒதுக்கிவிட்டு மாமன் முகத்தைப் பார்த்தான்.

"மாமா, எனுக்கு ஆய் வருது."

பாட்டு அலறிக்கொண்டிருந்தது. ஆனாலும் எனக்குக் கேட்டது. நாத்தனாருக்கும் கேட்டது, அவர் என் கையைப் பிடித்த பிடியில் இரண்டு வளையல் உடைந்தது. அண்ணன் ஆசாரியைத் தள்ளிவிட்டு, பிள்ளையை அப்படியே வாரிக்கொண்டு எழுந்தான். ஏரிக்கரையில் இறக்கிவிடுப்பா என்று யாரோ சொன்னார்கள். அங்கேதான் ஒரு போர்டு நின்றது. திறந்தவெளியில் மலம் கழிக்காதீர் என்று எழுதி, கீழே என் அண்ணன் பெயரும் பதவியும் கைகூப்பிய படமும் போட்டிருந்தது. அண்ணன் அந்தப் போர்டைப் பார்த்தான். தூரத்தில் தெரிந்த ஊரைப் பார்த்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தான்.

கரை நெடுக ஓட வேண்டும், இறங்கி வயல் வரப்பில் போக வேண்டும், அதற்கு அப்புறம்தான் முதல் வீடு. பின்னால் நான் ஓடினேன். தண்ணீர் பாட்டிலோடு நாத்தனார் ஓடினார். என் கணவர் ஆட்டோவை எடுக்கப் போய், எடுக்க வழியில்லாமல் அவரும் ஓடிவந்தார். எனக்கு ஒரே பயம். சொல்லிவிட்டான், சரி. ஆனால் அவ்வளவு தூரம் தாங்குமா? டாக்டரம்மா சொன்ன அந்த இன்னொரு பாதி அவனிடம் இருக்கிறதா? மூச்சு வாங்க ஓடியபடியே அண்ணன் வேட்டியைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். அது வெள்ளையாகவே இருந்தது. ஊரில் இருக்கிற இத்தனை சாமியையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினேன்.

வரப்பில் இறங்கும்போது அண்ணனுக்குக் கால் இடறியது. விழாமல் சமாளித்து மறுபடியும் ஓடப்போனான். தோளில் கிடந்த பையன் மாமன் கன்னத்தைத் தட்டினான்.

"மெதுவா போ மாமா. நான் புடிச்சிக்கினுதான் இருக்கேன்."

அண்ணன் ஓட்டத்தை நிறுத்தினான். பின்னால் வந்த நாங்களும் நின்றோம். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வயலில் வேலை செய்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று வாய்விட்டு அழுதேன். பிறகு அண்ணன் நடந்தான். அவன் பின்னால் நாங்கள் ஒருத்தர் பின் ஒருத்தராக, வரப்பில் மெதுவாக நடந்தோம்.